பழைய பீங்கான் விளக்கு: விளக்காவே செஞ்சதா, ஜாடியைத் துளைச்சதா?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய பீங்கான் டேபிள் லேம்ப் தேடுறவங்க முதல்ல அடியைத் திருப்பிப் பாருங்க. விளக்காவே செஞ்சதுன்னா ஒயர் போற ஓட்டையை சூளைல வைக்கிறதுக்கு முன்னாடியே போட்டிருப்பாங்க, ஓரம் வழவழன்னு இருக்கும், பல நேரம் கிளேஸும் (மேல பூசுற பளபள பூச்சு) உள்ள இறங்கியிருக்கும். பூ ஜாடியைப் பிற்பாடு துளைச்சு விளக்காக்குனதுல ஓரம் சொரசொரன்னு, சில்லு தெறிச்சு, உள்ள மண்ணு தெரியும், அதுவும் அமெரிக்க ரூக்வுட் கம்பெனி ஜாடி மாதிரின்னா (1901லருந்து அடியில வருஷத்தை ரோமன் எண்ல போட்டாங்க) அந்த ஓட்டை சில சமயம் முத்திரையையே தின்னுருக்கும், சேகரிக்கிறவங்க மதிப்பைக் கொறைச்சிருவாங்க, பாவம் அவ்வளவு அழகான ஜாடி! முகப்புல அழகுக்கு வைக்க மட்டும்னா துளைச்சதையே பேரம் பேசி வாங்கலாம். நான் வாங்குனா விளக்காவே செஞ்சதைத்தான் வாங்குவேன். எதுவா இருந்தாலும் பழைய ஒயர், ஹோல்டரை மாத்தாம பிளக்குல சொருகாதீங்க.