“எல்லாம் உதட்டுல இருக்கு தம்பி” என்றார். 18,000 ரூபாய் போனது

பழைய டிரம்பெட் வாங்கலாம் என்று நினைத்திருப்பவர்கள், அதுவும் பெல்லில் (முன்னால் விரிந்திருக்கும் வாயில்) யமஹா என்று பொறித்த ‘செகண்ட் ஹேண்ட்’ டிரம்பெட் மலிவாகக் கிடைக்கிறது என்று சந்தோஷத்தில் இருப்பவர்கள், பணத்தை எடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 18,000 ரூபாயும் 8 மாதமும். பணம்கூடப் பரவாயில்லை, அந்த 8 மாதம்தான் இன்னும் வயிறு எரிகிறது.

நான் இதைத் தொழிலாகச் செய்பவன் இல்லை. திண்டுக்கல் பக்கம் எங்கள் பங்குக் கோயில் பேண்டில் ஊதுகிறேன். குருத்தோலை ஞாயிறு, தேர்பவனி, எப்போதாவது ஒரு கல்யாணம், அவ்வளவுதான். பத்து வருடமாகக் கோயிலுக்குச் சொந்தமான டிரம்பெட்டையே ஊதிவந்தேன். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று ஆசை.

மதுரையில் ஒரு கடை. பெயர் வேண்டாம். கடைக்காரர் வெல்வெட் பெட்டியைத் திறந்து காட்டினார். பளபளவென்று தங்க நிறம், பெல்லில் யமஹா முத்திரை. “வெளிநாட்டுல ஒரு பையன் ஸ்கூல்ல வாசிச்சது தம்பி, கீறல்கூட இல்ல பாருங்க” என்றார். அங்கேயே ஐந்து நிமிடம் ஊதிப் பார்த்தேன். விரலால் அழுத்துகிற மூன்று வால்வுகளும் வழுக்கிக்கொண்டு இறங்கின. மேல் ஸ்தாயியில் ஒரு சுரம் கொஞ்சம் சறுக்கியது, அதைச் சொன்னேன். அதற்குத்தான் அந்தப் பதில்: “வாத்தியத்துல ஒண்ணும் இல்ல தம்பி, எல்லாம் உதட்டுல இருக்கு.”

பேண்டுக்காரர்கள் நாலு பேர் கூடினால் நாங்களே சொல்கிற வாக்கியம் அது. அதனால்தான் மறுபேச்சுப் பேசாமல் தலையாட்டினேன். பில் கேட்டதற்கு “பில் போட்டா ஜிஎஸ்டி ஏறும், உங்களுக்குத்தான் நஷ்டம்” என்றார். ஒரு துண்டுத் தாளில் ‘பேண்ட் சாமான் - 1’ என்று மட்டும் எழுதித் தந்தார். சரி என்று வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த இடத்திலாவது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

இரண்டு வாரத்தில் ஆரம்பித்தது. மெதுவாக ஊதினால் சத்தத்தோடு ‘ஸ்’ என்று காற்றும் வந்தது. கீழ் டி, சி ஷார்ப் என்ற இரண்டு சுரங்களும் சுருதி ஏறி நின்றன. நடு ஈ என்ற சுரம் பாதாளத்துக்கு இறங்கியது. பேண்டு மாஸ்டர் இரண்டு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, மூன்றாவது முறை, “என்னப்பா, பிராக்டீஸ் விட்டுட்டியா?” என்றார். விட்டேனா? காலை 5 மணிக்கு எழுந்து ஒரே சுரத்தை நீட்டி நீட்டி ஊதினேன். உதடு வீங்கியது. “யார் வீட்டுலயோ சங்கு ஊதுற மாதிரி இருக்குடா” என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போட்டார். சுருதி ஏறினால் உதட்டைத் தளர்த்திக் கீழே இழுப்பேன், இறங்கினால் இறுக்கி மேலே தள்ளுவேன். தவறு என்னிடம்தான் என்று முழுமனதாக நம்பினேன். ஊதுவதையே விட்டுவிடலாம் என்றுகூட ஒரு கட்டத்தில் தோன்றியது.

மூன்றாவது வால்வு ஒருநாள் அழுத்தின இடத்திலேயே நின்றுவிட்டது. அப்போதுதான் போலீஸ் பேண்டில் ஊதி ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். ரிப்பேரும் பார்ப்பார். வாத்தியத்தை ஊதக்கூட இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெல்லைப் பார்த்தவர் சிரித்துவிட்டார். “இது பைக் முத்திரைடா” என்றார்.

யமஹா முத்திரையில் மூன்று டியூனிங் ஃபோர்க் (இசைக்கவை) குறுக்கே நிற்கும் அல்லவா? வாத்தியங்களில் வருவதில் அந்த முனைகள் வட்டத்துக்குள்ளேயே அடங்கி நிற்கும். பைக்கில் வருவதில் வெளி வட்டத்தைத் தொடும். என்னுடையதில் தொட்டுக்கொண்டிருந்தது. போலி செய்தவன் எந்தப் படத்தைப் பார்த்துப் பொறித்தானோ! நடு வால்வின் உறையில் வரிசை எண் இருக்க வேண்டுமாம், அங்கே வழவழவென்று ஒன்றுமில்லை.

அப்புறம், வால்வை அழுத்தாமல் இரண்டாவது வால்வின் குட்டி ஸ்லைடை, அதாவது இழுத்தால் வெளியே வரும் குழாயை, பிடுங்கச் சொன்னார். காற்று கசியாத டிரம்பெட்டில் அது ‘டப்’ என்று பாட்டில் மூடி திறந்த மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு வரும். என்னுடையது சத்தமே இல்லாமல் கையோடு வந்தது. முதல் வால்வின் ஸ்லைடும் அப்படித்தான். வால்வுக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனை வெளியே எடுத்து வெள்ளைத் துணியில் துடைத்தார், கறுப்பாக மை மாதிரி ஒட்டியது. மேல்பூச்சு உரிந்து பித்தளை தெரிந்தது. நல்ல டிரம்பெட்டுகளில் பிஸ்டனை மோனல் என்ற நிக்கல்-செம்புக் கலவையில் செய்வார்கள், லேசில் தேயாது. கடையில் எப்படி வழுக்கியது என்று கேட்டேன். கெட்டி எண்ணெய் விட்டால் கசிவும் கொஞ்ச நேரம் அடைபடும், தேய்ந்த வால்வும் மாப்பிள்ளை மாதிரி நடக்கும் என்றார்.

சுருதிக்கும் காரணம் கிடைத்தது. முதல் வால்வையும் மூன்றாவதையும் சேர்த்து அழுத்தினால் எந்த டிரம்பெட்டிலும் சுருதி ஏறத்தான் செய்யும்; கீழ் டி, சி ஷார்ப் இரண்டுக்கும் அந்த இரண்டையும் அழுத்தியாக வேண்டும். அதற்காகத்தான் மூன்றாவது ஸ்லைடில் விரல் வளையம் வைத்து, ஊதும்போதே வெளியே தள்ளச் செய்திருக்கிறார்கள். என்னுடையதில் வளையம் இருந்தது, ஸ்லைடு நகரவில்லை. அலங்காரத்துக்கு ஒரு வளையம்! நடு ஈயும் இயல்பாகவே 14 சென்ட் (அரைச் சுர இடைவெளியை நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு சென்ட்) அளவுக்கு இறங்கி நிற்கிற சுரம்தான். இதில் சுருதி அளக்கிற டியூனர் 40 சென்ட் காட்டியது.

நம் ஆட்கள் உடனே அமெரிக்க ஜாஸ் டிரம்பெட் மேதை டிஸ்ஸி கில்லெஸ்பியை இழுப்பார்கள். 1953-இல் யாரோ மேலே விழுந்து அவருடைய டிரம்பெட்டின் பெல் வளைந்துபோனது, அதையே ஊதி அசத்தினார், ஆகவே வாத்தியம் எதுவானாலும் சரி என்பார்கள். வளைந்தது பெல். வால்வு கசியவில்லை. அதற்குப் பிறகு அந்த வளைவோடே மார்ட்டின் என்ற வாத்தியக் கம்பெனியில் சொல்லிச் செய்து வாங்கினார். எது கிடைத்தாலும் ஊதுகிற மனிதர் எதற்கு ஆர்டர் கொடுக்கிறார்?

பெரியவர் கடைசியில் என் டிரம்பெட்டை வாங்கி ஒரு பாட்டு ஊதினார். நன்றாகவே இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் இரண்டு நிமிடத்தில் இறக்கி வைத்து, “இத வச்சிக்கிட்டா எட்டு மாசம் ஊதின?” என்றார். அழுகை வந்துவிட்டது.

கடைக்குப் போனேன். “எச்சில் பட்ட சாமான், திரும்ப எடுக்க மாட்டோம்” என்றார். போலி என்றேன். “யமஹான்னு நான் எழுதிக் குடுத்தேனா?” என்று துண்டுத் தாளைக் காட்டச் சொன்னார். ‘பேண்ட் சாமான்’ என்றுதானே இருந்தது. நுகர்வோர் உதவி எண் 1915 ஞாபகம் வந்தது, பில் இல்லாமல் எதைக் காட்டிப் பேசுவது? அந்த எண்ணை நீங்களாவது பில்லோடு பயன்படுத்துங்கள். வாத்தியத்தின் பிராண்டும் வரிசை எண்ணும் பில்லில் இருக்க வேண்டும், தரமாட்டேன் என்றால் அடுத்த கடை. துடைக்க ஒரு வெள்ளைத் துணியும், போனில் டியூனர் ஆப்பும், உதடு வைத்து ஊதுகிற, பழக்கமான உங்கள் மவுத் பீஸும் கொண்டுபோங்கள். முடிந்தால் வயதான பேண்டுக்காரர் ஒருவரையும்.

நான் அப்படித்தான் போனேன். பெரியவர் ஐந்து டிரம்பெட்டுகளின் ஸ்லைடைப் பிடுங்கிப் பார்த்து நாலை ஒதுக்கினார். ஐந்தாவது மீரட்டில் செய்தது, பெல்லில் இரண்டு நசுங்கல், லேக்கர் பூச்சு பாதி போய்விட்டது. 9,000 ரூபாய். ஸ்லைடு ‘டப்’ என்றது. போன தேர்பவனியில் அதைத்தான் ஊதினேன், மாஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. மேல் சி மட்டும் இன்னும் சறுக்குகிறது. அது உதடுதான்.