கியோஷோ இன்ஃபர்னோ எம்பி-5: உப்புக்காற்றில் ஒரு பழைய நைட்ரோ பகி

எம்பி-5 என்பது றிமோட்டில் ஓட்டும், நைட்ரோ எரிபொருளில் ஓடும் கியோஷோவின் மாடல் கார். பழையது ஒன்று கைக்கு வந்தால் பெயின்ற் அழகைப் பார்த்து ஏமாறாதீர்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது குளோ பிளக்கை (எரிபொருளைப் பற்றவைக்கும் பிளக்) கழற்றிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றுங்கள். பிஸ்டன் உச்சிக்கு ஏறும்போது இறுகிப் பிடிக்க வேண்டும். வழுவழுவென்று சுற்றினால் ஸ்லீவ், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய், தேய்ந்துவிட்டது. புது எஞ்சின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும். இதில் பூட்டும் 3.5 சிசி எஞ்சின்களில் பொதுவாகப் பிஸ்டன் ரிங் இருக்காது. குரோம் பூசிய பித்தளை ஸ்லீவ் மேல்நுனியில் சற்றே ஒடுங்கியிருக்கும், சூடேறி விரிந்த பிறகே அளவு சரியாகும். எனவே ஹெட்டை ஹெயார் டிரையரால் சூடாக்கிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். இல்லாவிட்டால் கனெக்டிங் றொட்டுக்குத்தான் கேடு.

1990களின் இந்த 1/8 (நிஜக் காரின் எட்டில் ஒரு பங்கு அளவு) பகியில் நான்கு சில்லும் இழுக்கும். எஞ்சின் வேகமெடுத்ததும் கிளட்ச் பிடித்துச் சுழற்றும் கிண்ணமான கிளட்ச் பெல், விசையை முன்பின் சில்லுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் நடு டிஃபரென்ஷியலைச் (டிஃப்) சுழற்ற, அங்கிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் ஷாஃப்ட் போகிறது. பிரேக்கும் அந்த நடு டிஃபிலேயே. பெல்ட், செயின் எதுவும் இல்லாததால் மணலால் அறுந்துபோக ஒன்றுமில்லை. டிஃப்களுக்குள் விடும் ஒயிலின் தடிப்பு எண்ணை முன் 5000, நடு 7000, பின் 3000 என்று தொடங்கலாம்.

ஆனால் எஞ்சினுக்கு மணல் எமன். திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிக் கரையில் ஓட்ட ஆசை வரும், வேண்டாம். காற்று ஃபில்டர் ஸ்பொஞ்சில் எண்ணெய் காய்ந்திருந்தால் 125 சிசி டாங்க் ஒன்று முடியுமுன்னே ஸ்லீவில் கீறல் விழும். கடற்கரையை விட்டுத் தள்ளி, இறுகிய மண்தரையில் ஓட்டுங்கள்.

ரியூனிங்கில் பலர் சறுக்குவது நேரத்தில். நண்பகல் வெக்கையில் காற்று அடர்த்தி குறைவு, அதற்கேற்ப நீடிலை (எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) இறுக்கியிருப்பீர்கள். மறுநாள் காலைக் குளிரில் அதே செற்றிங் லீனாகிவிடும், அதாவது காற்றுக்கு எரிபொருள் போதாது. எரிபொருளோடுதான் எண்ணெயும் உள்ளே போவதால் லீன் என்றால் எண்ணெயும் குறைவு என்றே அர்த்தம். காலையில் நீடிலை மணிக்கூட்டின் ஒரு மணி தூரம் தளர்த்திவிட்டுத் தொடங்குங்கள். முடுக்கும்போது மெல்லிய புகைக்கோடு தெரிய வேண்டும். ஹெட் 100 முதல் 120 பாகை செல்சியஸுக்குள் நின்றால் நல்லது.

எரிபொருளிலுள்ள மெதனோல் ஈரத்தை இழுக்கும். கடலோர ஊரில் இதன் பலன் எஞ்சின் பேரிங்கில் துரு. ஓடி முடிந்ததும் டாங்கை வடித்து, மிச்ச எரிபொருளை எரித்து முடித்து, பிளக் துளையிலும் கார்புரேட்டரிலும் சில துளி ஆஃப்டர்-ரன் ஒயில் (ஓடி முடிந்தபின் துருவைத் தடுக்க விடும் எண்ணெய்) விட்டுச் சுற்றுங்கள். கிளட்ச் பெல்லின் 5×10×4 மில்லிமீற்றர் பேரிங்குகள் சூட்டில் கிறீஸ் வற்றி முதலில் போகும். கையில் இரண்டு சோடி இருக்கட்டும்.

கூடவே வரும் 27 மெகாஹேர்ட்ஸ் றிமோட்டை நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ளலாம். 2.4 கிகாஹேர்ட்ஸ் செற் பூட்டி, சிக்னல் அறுந்தால் பிரேக் பிடிக்கும்படி ஃபெயில்சேஃபை வையுங்கள். திறொட்டிலுக்கு ஒரு ரிற்றேர்ன் ஸ்பிரிங்கும் கட்டாயம்: பற்றறி செத்தால் ஃபெயில்சேஃப் வேலை செய்யாது, ஸ்பிரிங் மட்டும்தான் மூடும்.