சேலத்தில் எங்கள் சபையின் தத்துப் பெற்றோர் குழு

தத்தெடுக்க நினைக்கிற குடும்பம் எதுவானாலும், முதலில் எங்கள் சபையின் இந்தக் குழுவில் வந்து உட்காருங்கள் என்றுதான் சொல்வேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சண்டே ஸ்கூல் அறையில் கூடுகிறார்கள். கட்டணம் கிடையாது, எந்த மதத்தவரும் வரலாம்.

இவர்கள் குழந்தை தேடித் தருகிறவர்கள் அல்ல. "ஆஸ்பத்திரியில ஒரு பிள்ளை இருக்கு, பேசி முடிச்சிடலாம்" என்று யாராவது வந்தால், அது குற்றம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்கள். காரா என்கிற மத்திய அரசின் தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவதிலிருந்து வீட்டு ஆய்வு, கலெக்டர் ஆணை வரை கூடவே நிற்கிறார்கள். 2022 செப்டம்பரிலிருந்து இதற்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. என் பெரியப்பா காலத்தில் கிறிஸ்தவர்கள் 1890ஆம் வருஷச் சட்டப்படி பாதுகாவலராக மட்டுமே ஆக முடியும். 2000இல் வந்த சிறார் நீதிச் சட்டத்துக்கு அப்புறம்தான் நமக்கும் வழி திறந்தது. வளர்க்க முடியாத குழந்தையை அரசிடம் விட்டுவிடலாம் என்ற தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கிய ஊர் இது. இங்கே சபைகள் இதைப் பேசாமல் இருந்தால் எப்படி?

எங்கள் மகள் வந்தபோது அவளுக்கு ஐந்து வயது. குழுவிலிருந்து ஒரு அக்கா தூக்குவாளியில் சாம்பார் சாதம் கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்தார். "உள்ளே வரலைம்மா. முதல்ல உங்க ரெண்டு பேர் முகம் அவளுக்குப் பழகட்டும்." மகள் தலையணைக்கு அடியில் பிஸ்கட் ஒளித்து வைத்ததைச் சொன்னேன். திட்ட வேண்டாம், அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு டப்பா நிறைய வையுங்கள் என்றார். ஒளித்து வைப்பது மெல்ல மெல்ல நின்றது.

சபையில் சிலர் அவளை முன்னால் நிறுத்திச் சாட்சி சொல்லும்படி கேட்டார்கள். குழுவினர் சபைப் போதகரான ஐயரிடம் பேசி அதைத் தடுத்தார்கள். எங்கிருந்து வந்தாள் என்பது அவளுடைய கதை, வளர்ந்தபின் விருப்பமிருந்தால் அவளே சொல்லட்டும் என்றார்கள். "அனாதைக்கு வாழ்வு கொடுத்தீங்க" என்று அவள் காதுபட யாரும் பேசக் கூடாது என்பதிலும் கறாராக இருக்கிறார்கள். இந்த ஒன்றுக்காகவே நான் இவர்களை விடமாட்டேன்.

தத்தெடுக்காமல் கொஞ்ச காலம் மட்டும் பிள்ளையை வீட்டில் வைத்து வளர்க்கிற வளர்ப்புப் பராமரிப்பில்தான் இவர்களிடம் குறை தெரிகிறது. அங்கே பிள்ளை பெற்றவர்களிடம் திரும்பிப் போனால் அது நல்ல முடிவு, ஆனாலும் வளர்த்தவர்களுக்கு வலிக்கும். ஏற்காட்டுத் தம்பதி ஒருவரிடம் இருந்த பையன் பெற்ற அம்மாவிடம் போனபோது குழுவில் ஜெபித்தார்கள், அப்புறம் மலையேறி அவர்களைப் பார்க்க யாரும் போகவில்லை. பெற்ற அந்த அம்மாவுக்கு என்ன தேவை என்றும் கேட்கவில்லை. குழுவினரிடம் நான் கேட்பது இதுதான்: ஏற்காட்டிலேயே மாதம் ஒரு கூட்டம் வையுங்கள், அந்த அம்மாவையும் கூப்பிடுங்கள்.