அரையாண்டில் 43 வாங்கிய பையனை ஜனவரியில் டெஸ்ட் பேட்ச்சில் சேர்த்தோம்

பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில் நடக்கும் பத்தாம் வகுப்பு டெஸ்ட் பேட்ச் பற்றி எழுதுகிறேன். பெரிய போர்டு எல்லாம் கிடையாது. கணக்குக்கு ஒரு சார், அறிவியலுக்கு ஒரு சார், மொட்டை மாடியில் தகரக் கொட்டகை, நாற்பது பிள்ளைகள். குறைகளையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். இந்த மாதிரி பேட்ச் எல்லா ஊரிலும் இருக்கிறது, பணம் கட்டுவதற்கு முன்னால் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

என் பையன் அரையாண்டில் கணக்கில் 43 வாங்கினான். காலாண்டில் 58. படிக்காத பையன் இல்லை, ஜூனிலிருந்தே ஒரு டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஜவுளிக்கடை பில்லிங்கில் வேலை எனக்கு, வீடு திரும்ப ஒன்பது மணி ஆகிவிடும், அதற்கு மேல் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க என்னால் முடியாது. "கணக்கு தெரியும்மா, நேரந்தான் பத்தல" என்று அவன் சொன்னதை நான் சாக்கு என்றுதான் நினைத்தேன். இன்னொரு டியூஷன் வைக்கலாமா என்று விசாரித்தபோது கூட வேலை பார்க்கும் அக்கா இந்த இடத்தைச் சொன்னார்கள். இங்கே பாடம் நடத்த மாட்டார்கள், பரீட்சை வைத்துத் திருத்திக் கொடுப்பார்கள், அவ்வளவுதான் என்றார்கள். அதற்கு எதற்கு 4,500 ரூபாய் என்று எனக்கும் தோன்றியது.

சேர்க்கப் போன அன்றே அந்த எண்ணம் மாறிவிட்டது. "வாங்கம்மா, உக்காருங்க. அரையாண்டுப் பேப்பரைக் கொண்டாந்திருக்கீங்களா?" என்றுதான் கணக்கு சார் முதலில் கேட்டார். நல்ல வேளை, பையன் பையில் இருந்தது. அதை வாங்கி, 43 எங்கிருந்து வந்தது என்று ஒரு தாளில் பிரித்து எழுதினார். ஒரு மதிப்பெண் கேள்வியில் 14க்கு 9, இரண்டு மதிப்பெண்ணில் 20க்கு 12, ஐந்து மதிப்பெண்ணில் 50க்கு 15, கடைசி எட்டு மதிப்பெண் இரண்டிலும் சேர்த்து 16க்கு 7. வரைபடக் கணக்கு பாதியில் நின்றிருந்தது. "இவன் சொன்னது நெசந்தாம்மா, நேரம் பத்தல. வரிசையா ஒண்ணுலேர்ந்து எழுதிக்கிட்டே வந்திருக்கான். ஐந்து மார்க்குல தெரியாத கணக்கோட மல்லுக்கட்டியே அரைமணி நேரம் போயிருக்கு" என்றார். நான் திட்டிய திட்டை எல்லாம் நினைத்து எனக்குக் கஷ்டமாகிவிட்டது.

செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16, ஒரு மதிப்பெண் கேள்விகள் 14, ஆக 30. பாஸ் மார்க் 35தான். இந்த முப்பதையும் முதல் ஒரு மணி நேரத்துக்குள் எழுதி முடிக்கப் பழக்குவதுதான் அங்கே ஜனவரி மாதம் முழுக்க வேலை. வடிவொத்த முக்கோணம், தொடுகோடு, உச்சிக்கோணம் கொடுத்து முக்கோணம் வரைவது, இருபடிச் சமன்பாட்டின் வரைபடம் என்று தினம் ஒன்று. அவன் வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் விடைத்தாள் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. படம் சரி, விடையும் சரி, 8க்கு 5 போட்டிருந்தார். வரைபடத் தாளின் வலது மேல் மூலையில் காலியாக இருந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டு "அளவுத்திட்டம் எங்கே?" என்று எழுதியிருந்தார், ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை அலகு என்று குறிக்க வேண்டிய இடம் அது. எக்ஸ் அச்சு, ஒய் அச்சு என்று பெயரும் எழுதவில்லை. அடுத்த வாரம் வடிவியலில் உதவிப்படம் (முதலில் தோராயமாகப் போட்டுக்கொள்ளும் படம்) போடாமல் நேராகப் படத்தை வரைந்துவிட்டான், அதற்கும் ஒரு வட்டம். "என்னடே, மனசுக்குள்ளேயே உதவிப்படம் போட்டுக்கிட்டியா? திருத்துறவருக்கு எப்படிடே தெரியும்?" என்று கேட்டாராம். மூன்றாவது தாளில் அந்த வட்டம் இல்லை. ஜூனிலிருந்து போன டியூஷனில் இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை என்றில்லை, சொல்லியிருப்பார்கள். ஆனால் அவன் எழுதிய தாளிலேயே மார்க் போன இடத்தைக் காட்டியபோதுதான் அவனுக்கு உறைத்தது.

இன்னொன்று, அசல் பரீட்சை மாதிரியே நேரம் வைக்கிறார்கள். பொதுத்தேர்வில் பத்து நிமிடம் கேள்வித்தாள் படிக்க, ஐந்து நிமிடம் விவரம் சரிபார்க்க, அப்புறம் மூன்று மணி நேரம் எழுத. ஞாயிற்றுக்கிழமை முழுப் பரீட்சையில் அந்தப் பத்து நிமிடம் பேனாவைத் தொடக் கூடாது. ஐந்து மதிப்பெண் பகுதியில் பதினான்கில் பத்து எழுதினால் போதும் என்பதால், எந்த நான்கை விடப்போகிறோம் என்பதை அதற்குள் முடிவு செய்துவிட வேண்டும். இரண்டு மதிப்பெண் பகுதியில் 28ஆவதும் ஐந்து மதிப்பெண் பகுதியில் 42ஆவதும் கட்டாயக் கேள்விகள், அவற்றை விட முடியாது, ஆனால் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். கேள்விகள் பெரும்பாலும் பெற்றோர் ஆசிரியர் கழகம் போடும் மாதிரி வினாத்தாள் புத்தகத்திலிருந்தும் பழைய பொதுத்தேர்வுத் தாள்களிலிருந்தும் எடுக்கிறார்கள். அந்தப் புத்தகத்தை எல்லோரும் வாங்குகிறோம். உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுத வைக்கத்தான் ஆள் இருப்பதில்லை.

அறிவியலில் எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. சார் நல்லவர், பொறுமையானவர், ஆனால் தாள் திரும்பி வர ஐந்து நாள், ஆறு நாள் ஆகிறது. கணக்கு சார் மறுநாளே கொடுத்துவிடுவார். ஒரு வாரம் கழித்துத் தாளைப் பார்த்தால் அதை எழுதும்போது என்ன நினைத்தான் என்பது அவனுக்கே மறந்துபோகிறது. அறிவியலில் எழுத்துத் தேர்வு 75தான், மீதி 25 செய்முறை. 75க்குக் குறைந்தது 20 எடுத்தால்தான் பாஸ் என்பதைச் சொல்லி, படம் வரைந்து பாகம் குறிப்பதை நன்றாகப் பழக்கினார்கள். இயற்பியல் கணக்கில் அலகு எழுதாமல் விட்டது பிப்ரவரி கடைசி வரை தொடர்ந்தது. தாள் சீக்கிரம் வந்திருந்தால் முன்னாலேயே சரியாகியிருக்கும். சமூக அறிவியல் அங்கே இல்லவே இல்லை, காலக்கோடும் நிலவரைபடமும் வீட்டில்தான் போட்டுப் பார்த்தான்.

எனக்குக் கோபம் வந்தது வாட்ஸ்அப் குரூப் விஷயத்தில். முதல் இரண்டு வாரம் எல்லாப் பிள்ளைகளின் மார்க்கையும் பெயரோடு பட்டியல் போட்டுக் குரூப்பில் அனுப்பினார்கள். இவன் பெயர் முப்பத்தொன்றாவது இடத்தில் இருந்தது. அன்று ராத்திரி தோசையைத் தொடாமல் படுத்துவிட்டான். மறுநாள் கடைக்கு ஒரு மணி நேரம் பெர்மிஷன் சொல்லிவிட்டுப் போய், "சார், அவன் மார்க்கை எனக்கு மட்டும் அனுப்புங்க, ஊருக்கே காட்ட வேண்டாம்" என்று கேட்டேன். சார் முகம் சுளிக்கவில்லை. "நீங்க சொல்றது சரிதான்மா" என்றார், அந்த வாரத்திலிருந்து எல்லாருக்கும் தனித்தனியாகத்தான் வருகிறது. நான் கேட்ட பிறகு இன்னும் மூன்று அம்மாக்கள் எனக்குப் போன் செய்தார்கள். அவர்களுக்கும் அதே வருத்தம்தான், கேட்கத் தயக்கம். தயங்காமல் கேளுங்கள், நம் பிள்ளைக்காகத்தானே கேட்கிறோம்.

கணக்கில் அவன் பள்ளியின் முதல் திருப்புதல் தேர்வில் 52, இரண்டாவதில் 61, பொதுத்தேர்வில் 74. சென்டம் எடுக்கும் பிள்ளைகளுக்கு இந்த இடம் பெரிதாக உதவும் என்று நான் சொல்ல மாட்டேன். பாடமே புரியாத பிள்ளைக்கும் இது சரிப்படாது, ஏனென்றால் யாரும் முதலிலிருந்து நடத்த மாட்டார்கள். பாடம் ஓரளவு தெரிந்தும் தாளில் மார்க் வராத பிள்ளைக்குத்தான் இது.

சேர்ப்பதாக இருந்தால் சில விஷயம். திருத்திய பழைய விடைத்தாள் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். வெறும் டிக்கும் மொத்த மார்க்கும் மட்டும் இருந்தால் எழுந்து வந்துவிடலாம். டெஸ்ட் முடிந்து பிள்ளைகள் கிளம்ப இரவு எட்டரை ஆகிறது, மாடிப்படியில் விளக்கு மங்கல், பெண் பிள்ளை என்றால் யாராவது போய்க் கூட்டிவர வேண்டும். கழிப்பறைக்குக் கீழ் வீட்டுக்குத்தான் இறங்க வேண்டும். பிப்ரவரி நடுவில் சேர்ந்தவர்களிடமும் முழுப் பணம் வாங்கினார்கள், அது நியாயமில்லை, பேசிக் குறைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கு நான்கு நாள் முன்னால் டெஸ்ட்டை நிறுத்திவிட்டு, திருத்திய தாள்களை மட்டும் புரட்டச் சொல்லி அனுப்புகிறார்கள். இவன் பதினோரு கணக்குத் தாளையும் நூலில் கோத்து வைத்திருந்தான், பரீட்சைக்கு முந்தின ராத்திரி சிவப்பு மை இருக்கும் இடத்தை மட்டும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பத்து மணிக்கே தூங்கிவிட்டான்.