கத்திரி வெயிலில் 6 கிளிக்: ஒரு ஸ்கோப்புடன் 14 மாதம்

லாஸ்பேட்டை நண்பன் போன வாரம் கேட்டான்: "மச்சான், உன்கிட்ட இருக்கற அந்த 4-12 ஸ்கோப் இப்போ ரெண்டாயிரம் குறைஞ்சிருக்கு. வாங்கலாமா?" ஸ்கோப் என்றால் துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி, 4-12 என்பது அது எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்ற கணக்கு. நல்ல மனநிலையில் எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். நேற்று தோப்பில் அது மறுபடி தன் வேலையைக் காட்டியது. அதனால் இந்த எரிச்சலோடே எழுதுகிறேன்.

40 மி.மீ. முன் கண்ணாடி, ஏஓ வளையம் (எந்தத் தூரம் தெளிவாகத் தெரியவேண்டுமோ அதற்குத் திருப்புவது), கால் எம்ஓஏ கிளிக் (குறியை நகர்த்தும் திருகின் ஒரு சொடுக்கு; எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) எல்லாம் அவனுக்குத் தெரிந்தவைதான். நான் மாட்டியிருப்பது 0.177 அங்குல பெல்லட் (சின்னக் குண்டு) சுடும் ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில். ஸ்பிரிங் துப்பாக்கி முன்னும் பின்னுமாக உதைக்கும், அந்த உதையில் நல்ல நல்ல ஸ்கோப்பெல்லாம் கழன்று போயிருக்கிறது. இது கழலவில்லை. காலை வெளிச்சத்தில் கண்ணாடி அவ்வளவு துல்லியம். காகிதத்தில் பெல்லட் போட்ட ஓட்டையின் கிழிசல் விளிம்புகூடத் தெரியும்.

சுடும் இடம் பண்ருட்டிப் பக்கம் பெரியப்பாவின் முந்திரித் தோப்பு. பின்னால் மண்மேடு, முன்னால் காகிதம், இல்லையென்றால் சோடா மூடி. பறவைப் பக்கம் குழாயைத் திருப்பினால் பெரியப்பா அதைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டுவிடுவார். சட்டம் அப்புறம்தான் வரும்.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன். காலை 6:30 மணிக்கு 25 மீட்டரில் ஜீரோ வைத்தால், அதாவது குறிபார்க்கும் இடத்திலேயே குண்டு விழும்படி திருகி வைத்தால், ஐந்து பெல்லட்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழும். பதினொன்றரைக்கு அதே குரூப் 11 மி.மீ. மேலே போய், கொஞ்சம் இடப்பக்கமும் ஒதுங்கி நிற்கும். அந்தத் தூரத்தில் ஒரு கிளிக் 1.8 மி.மீ., ஆக 6 கிளிக். திருகி இறக்கிவிட்டு வீட்டுக்குப் போவேன். அடுத்த ஞாயிறு காலை பார்த்தால் 6 கிளிக் கீழே! போன வருடம் கத்திரி முழுக்க இதே கூத்து. ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்து வைக்கும் மவுண்ட்டின் திருகுகளை இறுக்கினேன், பெல்லட்டை மாற்றினேன், கடைசியில் ஸ்கோப்பைக் கழற்றி சர்வீசுக்கே அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துக் "குறை எதுவும் இல்லை" என்று ஒரு சீட்டோடு திரும்பி வந்தது. ஏ.சி. அறையில் உட்கார்ந்து பார்த்தால் எந்த ஸ்கோப்புக்குக் காய்ச்சல் தெரியும்?

கண்டுபிடித்தவர் பெரியப்பா. கொட்டை காயவைக்கும் சிமெண்ட் களத்து ஓரம்தான் என் பெஞ்சு. ஒவ்வொரு ஐந்து ரவுண்டுக்கும் நடுவில் துப்பாக்கியை வெயிலிலேயே சாய்த்து வைத்துவிட்டுக் காகிதத்தைப் பார்க்கப் போவேன். "களத்துல காலு வைக்க முடியல. இந்தக் கருமத்த வெயில்ல போட்டுட்டுப் போற. அது மட்டும் சும்மா இருக்குமா?" என்றார்.

அடுத்த வாரம் பெஞ்சைப் பலா மரத்து நிழலுக்கு நகர்த்தி, ஸ்கோப்பின் மேல் அவருடைய வெள்ளைத் துண்டைப் போட்டு வைத்தேன். அதே பதினொன்றரை மணி. 6 கிளிக் 2 ஆகிவிட்டது.

யோசித்தால் கணக்கு புரிகிறது. ஸ்கோப் குழாய் கறுப்பு அலுமினியம், துப்பாக்கி இரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டையும் மவுண்ட் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறோம், அதிலும் ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல். போதாக்குறைக்குத் துப்பாக்கிக்குள் கிரீஸ் இளகினால் பெல்லட்டின் வேகமும் மாறும். பழி முழுவதையும் ஸ்கோப்பின் தலையில் கட்டியது என் தப்பு, சர்வீஸ்காரர்கள் சொன்னதும் நியாயம்தான். ஆனாலும் அந்த மூன்று வாரத்தை நான் மன்னிக்கப் போவதில்லை.

அந்த இடப்பக்க ஒதுங்கலைக் கண்டுபிடித்தது இந்த ஸ்கோப்பேதான். 12 மடங்கில் வைத்துப் பார்த்தால் களத்தின் மேல் கானல் நெளியும், வட்டங்கள் தண்ணீருக்குள் கிடப்பதுபோல ஆடும். 6க்குக் குறைத்தால் ஓரளவு அடங்கிவிடும். முதலில் இதையும் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல் ஏஓ வளையத்தைக் களத்தின் நடுத்தூரத்துக்குத் திருப்பினேன். காகிதம் மங்கி, கானல் மட்டும் தனியாகத் தெரிந்தது. காற்றில்லாதபோது நேராக மேலே கொதிக்கிறது. கடல் காற்று எட்டிப் பார்த்தால் வலமிருந்து இடமாகச் சாய்ந்து ஓடுகிறது. நான் வடக்குப் பார்த்துச் சுடுகிறேன், கடல் எனக்கு வலப்பக்கம். பெல்லட்டை இடப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது அந்தக் காற்றுதான். முந்திரி இலை அசையாதபோதே கானல் சாய்ந்துவிடுகிறது. இப்போதெல்லாம் பாதி நேரம் சுடாமல் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பெரியம்மா மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போகிறார்.

இவ்வளவுக்குப் பிறகும், நேற்று துண்டு, நிழல் எல்லாம் சரியாக இருந்தும் மிச்சமுள்ள அந்த 2 கிளிக் வந்து நின்றது. நான்கு சோடா மூடிகள் வரிசையாகத் தப்பின. அண்ணன் மகன் பக்கத்தில் நின்று சிரித்தான்.

அதனால் மச்சான், வாங்காதே. நீ சுடப்போவது சேதராப்பட்டுப் பக்கம் வெட்டவெளியில், ஒரு மரம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நீ எழுந்திருப்பதே பத்து மணிக்கு. ரெண்டாயிரம் குறைந்தால் என்ன, நாலாயிரம் குறைந்தால் என்ன? என்னுடையதைக் கொடுத்துவிடு என்றும் கேட்காதே, அது விற்பனைக்கு இல்லை. கத்திரி முடிந்ததும் ஒரு காலை ஆறு மணிக்குத் தோப்புக்கு வந்து பார். வரும்போது ஒரு வெள்ளைத் துண்டு வாங்கி வா, பெரியப்பா தன்னுடையதைத் திருப்பிக் கேட்கிறார்.