பாங்காக்: சாலையில் கசந்து, படகில் இனித்த நகரம்

பாங்காக் நகரில் நான் எட்டு நாள்கள் தனியாகத் தங்கியிருந்தேன். மூன்றாம் நாள் இரவே இந்த மதிப்பீட்டை எழுத உட்கார்ந்திருந்தால் அதில் குறைகளைத் தவிர வேறெதுவும் இருந்திருக்காது. நல்லவேளையாக, நான்காம் நாள் காலையில் ஒரு படகில் ஏறினேன். அதன் பிறகு குறைகள் எல்லாம் நீங்கிவிட்டன என்று சொல்ல மாட்டேன். நடைபாதை அதே நடைபாதைதான், மே மாத வெயிலும் அதே வெயில்தான். ஆனால் இந்த ஊருக்குள் எந்த வாசல் வழியாக நுழைய வேண்டும் என்பது அன்றுதான் எனக்குப் பிடிபட்டது. தனியாகப் போக எண்ணியிருப்பவர்களுக்கு அந்த ஒன்றையாவது சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து நகருக்குள் பாயா தாய் நிலையம் வரை ரயில் ஓடுகிறது. கட்டணம் 45 பாட், அரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பெட்டி கனமாக இருந்ததால் நான் டாக்சியைத் தேர்ந்தெடுத்தேன். அதுதான் நான் செய்த முதல் தவறு. மீட்டர் 35 பாட்டில் தொடங்கும், விமான நிலையத்தில் ஏறினால் அதற்கு மேல் 50 பாட், சுங்கச் சாலையில் போனால் அந்தக் கட்டணமும் நம்முடையது என்பதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் வண்டி நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் ஓட்டுநர் மீட்டரை ஒரு துணியால் மூடிவிட்டு ஒரு மொத்தத் தொகையைச் சொன்னார். உடன் இன்னொருவர் இருந்திருந்தால் இருவருமாகச் சேர்ந்து வாதாடியிருப்போம். தெரியாத ஊர், தெரியாத மொழி, மாலை மங்கும் நேரம் என்பதால் நான் தலையசைத்துவிட்டேன். அந்தப் பணம் போனதைவிட, வாய் திறக்காமல் இருந்துவிட்டோமே என்ற வருத்தம்தான் அடுத்த நாள் வரை உறுத்திக்கொண்டிருந்தது.

அறை எடுத்திருந்தது சுகும்விட் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில். இங்கே கிளைத் தெருவை ‘சோய்’ என்கிறார்கள். சாலையின் ஒரு பக்கம் ஒற்றைப்படை எண்கள், மறு பக்கம் இரட்டைப்படை எண்கள். ஆனால் இருபத்தொன்றுக்கு நேர் எதிரே இருபத்திரண்டு இருக்கும் என்று நம்பி நடந்தால் வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கும். பல சோய்கள் நீண்டு போய் முட்டுச்சந்தாக முடிகின்றன. பக்கத்துத் தெருவுக்குப் போகவும் மறுபடி பெருஞ்சாலைக்கே வந்தாக வேண்டும். இத்தனை தெருக்களின் வண்டிகளும் ஒரே சாலையில் வந்து சேர்வதைப் பார்த்தபோது, அங்கே போக்குவரத்து ஏன் அப்படி உறைந்து நிற்கிறது என்பது புரிந்தது. நடப்பவர் பாடு அதைவிட மோசம். நடைபாதைக் கற்கள் சில ஆடுகின்றன. முந்தின இரவு மழை பெய்திருந்தால், கல்லின் ஒரு முனையில் கால் வைத்த உடனே மறு முனையிலிருந்து அழுக்குத் தண்ணீர் கணுக்கால் வரை பீய்ச்சி அடிக்கிறது. நெரிசல் நேரத்தில் மோட்டார் சைக்கிள்களும் நடைபாதையில் ஏறிவிடுகின்றன. தலைக்கு மேல் வானரயிலின் பாலம் காற்றையும் வெளிச்சத்தையும் மறைத்து நிற்க, கீழே புகைக்குள் நடந்துகொண்டு, உலகமே கொண்டாடும் நகரம் இதுதானா என்று முதல் இரண்டு நாளும் மனம் சோர்ந்தேன்.

இரண்டாம் நாள் நடந்தது இன்னும் கசப்பானது. கிராண்ட் பேலஸ் என்னும் அரண்மனையின் மதிலோரமாக நடந்துகொண்டிருந்தபோது, நன்றாக உடுத்திய ஒருவர் அருகில் வந்து, இன்று உள்ளே சடங்கு நடக்கிறது, பிற்பகல் வரை அனுமதி இல்லை, அதுவரை மிகக் குறைந்த வாடகைக்கு ‘துக்துக்’ என்னும் ஆட்டோவில் மற்ற கோயில்களைப் பார்த்து வரலாம் என்று கனிவாகச் சொன்னார். வண்டியும் தயாராக நின்றது. அதில் ஏறுபவர்களைக் கடைசியில் இரத்தினக் கடையிலோ தையல் கடையிலோ கொண்டுபோய் நிறுத்தி வாங்கச் சொல்லி நெருக்குவார்கள். பல ஆண்டுகளாக நடந்துவரும் ஏமாற்று இது. கேள்விப்பட்டிருந்தும் ஒரு கணம் நம்பினேன் என்றால், அந்தப் பேச்சு அவ்வளவு இயல்பாக இருந்தது. அரண்மனை வழக்கமாகக் காலை 8.30 முதல் 3.30 வரை திறந்திருக்கும். வாயிற்காவலர் சொல்லாதவரை மூடியிருக்கிறது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். இதில் எனக்கு மிகவும் வலித்தது வேறொன்று. அதன் பிறகு தெருவில் வழி சொல்ல வந்த நல்லவர்களையும் சந்தேகத்தோடு பார்த்தேன். தனியாகப் பயணம் செய்பவருக்கு அந்நியரின் அன்பைவிடப் பெரிய துணை இல்லை. அதன்மேல் இருக்கும் நம்பிக்கையைத்தான் இந்த ஏமாற்று உடைத்துவிடுகிறது.

ரயில்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1999-இல் தொடங்கிய வானரயிலும் 2004-இல் தொடங்கிய சுரங்க ரயிலும் சுத்தமானவை, குளிர்ச்சியானவை, அடிக்கடி வருபவை. இரண்டுக்கும் தனித்தனிச் சீட்டு வாங்க வேண்டியிருப்பது மட்டும் புதியவருக்குச் சிரமம். மாலை ஆறு மணிக்கு நிலையத்தில் நாட்டுப்பண் ஒலித்ததும், ஓடிக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றது. படியில் ஒரு கால் வைத்திருந்தவர்கூட அசையவில்லை. பாட்டு முடிந்த மறு நொடியே எல்லோரும் பழையபடி விரைந்தார்கள்.

நான்காம் நாள், பிரதுநாம் துறையில் சேன் சேப் கால்வாய்ப் படகில் ஏறினேன். மூன்றாம் ராமா மன்னர் காலத்தில், 1837-இல் வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. தண்ணீர் கறுப்பு, நாற்றமும் உண்டு, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் படகு எந்த நெரிசலுக்கும் நிற்காமல், கரையோர வீடுகளின் பின்புறத்தை உரசுவதுபோல் பறந்தது. தலைக்கவசம் அணிந்த நடத்துநர், படகுக்கு வெளியே ஒரு சாண் அகல விளிம்பில் கால் ஊன்றி, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சீட்டுக் கொடுத்தபடி நகர்ந்தார். எதிரே இன்னொரு படகு வரும்போதெல்லாம், ஓரத்தில் இருப்பவர்கள் கயிற்றை இழுக்க, தண்ணீர் தெறிக்காமல் இருக்கப் பிளாஸ்டிக் திரை உயரும். முதல்முறை எனக்கு விவரம் தெரியாமல் தடுமாறியபோது, பக்கத்தில் இருந்த பாட்டி என் கைமேல் தம் கையை வைத்து இழுத்துக் காட்டினார். தாழ்வான பாலம் வந்தால் படகின் கூரையே கீழிறங்குகிறது. எல்லோரும் பேச்சை நிறுத்தாமலே தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ஊர் மக்களோடு நானும் ஒருத்தியாக உட்கார்ந்திருந்தது அதுவே முதல்முறை.

கடைசித் துறையான பான்ஃபாவில் இறங்கித் தெற்கே நடந்தால் பம்ருங் முவாங் சாலை. அங்கே கடை கடையாகப் புத்தர் சிலைகள். ஆள் உயரத்துக்கும் மேலான பொன்னிறச் சிலைகள் பிளாஸ்டிக் தாள் சுற்றியபடி நடைபாதையில் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. அருகிலேயே பிக்குகளுக்குக் காணிக்கையாகக் கொடுக்கும் காவி நிற வாளிகள் அடுக்கியிருக்கும். அந்தச் சாலை கொண்டுபோய் விடுவது ‘சாவ் சிங்சா’ என்னும் பேரூஞ்சலின் அடியில். செந்நிறமாக வானளாவி நிற்கும் அந்தத் தேக்குமரச் சட்டத்தில் இப்போது ஊஞ்சல் இல்லை. விபத்துகளால் 1935-இல் ஊஞ்சலாட்டம் நின்றுவிட்டது. இப்போதுள்ள மரங்கள் 2007-இல் புதிதாக நிறுத்தப்பட்டவை. அந்த ஊஞ்சலாட்டம் நடந்த விழாவின் பெயர் திரியம்பவாய், திரிபவாய். நம் திருவெம்பாவையும் திருப்பாவையும்தான் அப்படித் திரிந்திருக்கின்றன. அருகிலுள்ள ‘தேவஸ்தானம்’ என்னும் இந்துக் கோயிலின் அரசவைப் பிராமணர்கள் இன்றும் ஆண்டுதோறும் அந்தச் சடங்கில் திருவெம்பாவைப் பாடலை ஓதுகிறார்கள். நாம் கேட்டால் அடையாளம் காண்பது கடினம் என்னும் அளவுக்கு உச்சரிப்பு மாறிவிட்டது. அந்தத் தூண்களின் நிழலில் நின்றபோது எனக்குக் கண் கலங்கியது. மார்கழிக் குளிரில் பாடப்பட்ட வரிகள் பொருளும் ஒலியும் தேய்ந்தும் கடல் கடந்து வாழ்கின்றன என்பதை ஓர் ஊரில் கண்டபிறகு, அந்த ஊரின் மேல் எப்படிக் கோபமாக இருக்க முடியும்?

மறுநாள் முழுவதையும் சாவ் பிரயா ஆற்றுக்கே கொடுத்தேன். வானரயில் நிலையத்தோடு ஒட்டிய சாதோர்ன் துறையில் ஏறலாம். ஆரஞ்சுக் கொடி கட்டிய படகில் எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட் வாங்கினார்கள். சுற்றுலாப் படகுக்கு இதைவிட அதிகம். நடத்துநர் கையிலுள்ள நீண்ட தகரக் குழலை ‘டக் டக்’ என்று திறந்து மூடும் ஓசையும், துறையை நெருங்கும்போது பின்புறம் நிற்பவர் ஓட்டுநருக்கு ஊதும் விசிலும் இப்போதும் என் காதில் இருக்கின்றன. நகரம் தன் முகத்தை வைத்திருப்பது இங்கேதான். 1782-இல் முதலாம் ராமா மன்னர் இந்தக் கரையில் தலைநகரை அமைத்தார். 1860-களில் சரோயென் க்ருங் சாலை போடப்படும் வரை இங்கே பெரும்பாலான போக்குவரத்து நீர்வழியாகத்தான் நடந்தது. ஆற்றுக்காகக் கட்டப்பட்ட ஊரை நான் சாலையில் நின்று எடை போட்டிருந்தேன்.

வாட் போ கோயிலில் 46 மீட்டர் நீளத்தில் சயனித்திருக்கும் புத்தரின் முகத்தைவிட, பாதங்கள் என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தன: உள்ளங்கால்களில் சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள். சிலைக்குப் பின்னால் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சில்லறை போட்டபடி மக்கள் நகர, மழை பெய்வதுபோல் ஓயாத ஒலி. அங்கிருந்து பயணப் படகில் அக்கரை போனால் வாட் அருண், நாம் அறிந்த சூரியனின் தேரோட்டி அருணனின் பெயர் தாங்கிய கோயில். தொலைவில் கல் சிற்பமாகத் தெரியும் கோபுரம், கிட்டே போனால் உடைந்த சீனப் பீங்கான் தட்டுகளைப் பூவும் இதழுமாகப் பதித்த வேலை என்று தெரிகிறது. ஒரு பூவின் நடுவில் பழைய தட்டின் நீலக் கோலம் பாதி அறுந்து நிற்பதைக்கூடக் காணலாம்.

தனியாகச் சாப்பிடுவதற்கு இதைவிட வசதியான நகரத்தை நான் பார்த்ததில்லை. ஒரு தட்டுச் சோறு, ஒரு சின்ன நாற்காலி, மேசைமேல் சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய காடி, மீன் சாறு. துணையில்லாமல் வந்திருக்கிறாளே என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சைவ உணவுக்காரர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு சேர்ந்துவிடும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தில் ‘ஜே’ என்று தாய் மொழியில் எழுதியிருக்கும் கடையைத் தேடிப் போவதே உத்தமம். இரவு பத்து மணிக்கு மேல் ரயிலில் தனியாகத் திரும்பியபோதும் எனக்கு அச்சம் தோன்றவில்லை.

மறுபடி போனால் சுகும்விட் பக்கம் அறை எடுக்க மாட்டேன். சாதோர்ன் துறைக்கு நடந்து போகும் தூரத்தில் தங்குவேன், விமான நிலையத்திலிருந்து ரயிலிலேயே வருவேன், முதல் நாள் காலையை ஆரஞ்சுக் கொடிப் படகில் தொடங்குவேன். அரண்மனையை மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொள்வேன். சேன் சேப் படகில் மட்டும் ஓர் ஓர இருக்கையைப் பிடிப்பேன். திரைக்கயிற்றை இழுக்க எனக்கு இப்போது தெரியும்.