முங்க் அருங்காட்சியகம், ஓஸ்லோ: ஒரு நடன ஆசிரியை பார்த்த ‘அலறல்’

முப்பது வருடமாகப் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். நவரசத்தில் பிள்ளைகளுக்கு லேசில் பிடிபடாதது பயானகம்தான். பயந்து காட்டச் சொன்னால் கண்ணை அகல விரித்துக்கொண்டு நிற்பார்கள். “முதலில் பாம்பைப் பார், அப்புறம் பயப்படு” என்று சொல்லித்தான் வழிக்குக் கொண்டுவருவேன்.

இந்தக் கண்ணோடுதான் ஓஸ்லோவில் மகளுடன் முங்க் அருங்காட்சியகத்துக்குப் போனேன். மத்திய ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். ஓபரா அரங்குக்குப் பக்கத்தில், மேல்பகுதி சாய்ந்தாற்போல் நிற்கிற 13 மாடிக் கட்டடம். 2021இல் திறந்தது. நார்வே ஓவியர் எட்வர்ட் முங்க் 1944இல் இறந்தபோது தன்னிடமிருந்த படைப்புகளையெல்லாம் நகரத்துக்கே எழுதிவைத்திருந்தார். அந்தச் சொத்துதான் இங்கே இருக்கிறது.

எல்லாரும் தேடி வருவது ‘அலறல்’, சிவந்த வானத்தின் கீழ் வாயைத் திறந்து நிற்கும் ஓர் உருவத்தின் படம். இங்கே அது மூன்று வடிவத்தில் உண்டு: 1893இல் அட்டையில் வண்ணக்கட்டியால் வரைந்தது, 1895இல் கல்லச்சில் (கல்லில் வரைந்து தாளில் எடுப்பது) அடித்தது, 1910 வாக்கில் தீட்டிய ஓவியம். மூன்றும் வெளிச்சம் தாங்காதவை. அதனால் இருட்டான ஓர் அறையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் காட்டுகிறார்கள். நாங்கள் போன அன்று அரை மணிக்கு ஒருமுறை மாறியது. “ஒண்ணு பாத்தாச்சே, கிளம்பலாமாம்மா?” என்றாள் மகள். நான் நகரவில்லை.

முதலில் ஓவியம். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணில் கண்மணியே இல்லை. எங்கள் கலையில் பயம் குடியிருப்பதே கண்மணியில்தான். அது நடுங்க வேண்டும், ஓரத்துக்கு ஓட வேண்டும், திரும்ப வர வேண்டும். இங்கே வெறும் குழி. அப்புறம் கையைப் பார்த்தேன். கன்னத்தில் வைத்திருப்பதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லை, காதைப் பொத்தியிருக்கிறது. இரண்டு நண்பர்களோடு நடந்துபோனபோது வானம் ரத்தமாய்ச் சிவந்தது, அவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், தான் மட்டும் நடுங்கி நின்று இயற்கைக்குள் ஓடிய அலறலை உணர்ந்ததாக முங்க் எழுதியிருக்கிறார். ஆக, அந்த உருவம் கத்துவதைவிடக் கேட்கிறது என்றே எனக்குப் படுகிறது. பின்னால் அந்த இரண்டு பேரும் விறைப்பாக நடந்துகொண்டே இருக்கிறார்கள்.

கீழே இடது மூலையில் ஒரு பழுப்புக் கறை. 2004இல் பட்டப்பகலில் துப்பாக்கி காட்டி இந்த ஓவியத்தைக் கொள்ளையடித்துப்போய், 2006இல்தான் மீட்டார்கள். ஈரம் பட்ட தடம் அது.

அடுத்து கல்லச்சு. மூன்றில் என்னை உலுக்கியது இதுதான். நிறமே இல்லை, கறுப்புக் கோடுகள் மட்டும். வானமும் தண்ணீரும் கோடு கோடாக வளைந்து அந்த முகத்தைச் சுற்றி இறுக்குகின்றன. மிருதங்கமும் தாளம் தட்டி ஜதி சொல்லும் நட்டுவாங்கமும் சட்டென்று நின்றபின் சபைக்குள் ஒரு அதிர்வு மிஞ்சுமே, அப்படி. நாட்டிய சாத்திரம் பயானகத்துக்குக் கறுப்பை நிறமாகச் சொன்னதைப் பல வருடம் மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறேன். அர்த்தம் இங்கேதான் விளங்கியது. வண்ணக்கட்டி வடிவம் அவசரமாகக் கிறுக்கியது போல் இருந்தது. அதில் அவ்வளவாக மனம் ஒட்டவில்லை.

தொல்காப்பியம் “அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே” என்கிறது. பேயோ தெய்வமோ, மிருகமோ, திருடனோ, அரசனோ, பயத்துக்கு ஒரு காரணம் உண்டு. ஆடும்போது அந்தக் காரணத்தை முதலில் மேடையில் நிறுத்திவிட்டுத்தான் நாங்கள் பயப்படுவோம். இந்தப் படத்தில் நான்கில் ஒன்றுகூட இல்லை. பாலம், கடல், மாலை நேரம், அவ்வளவுதான். இதை எப்படி ஆடுவது என்று அங்கேயே நின்று யோசித்தேன். தோளைக் கொஞ்சம் உயர்த்திக் கழுத்தை உள்ளே இழுத்துப் பார்த்தேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போகிறவர்களுக்கு: மூன்றும் மாறும்வரை காத்திருங்கள், ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். இடைவேளையில் மற்றப் படங்களைப் பார்க்கலாம். 1894இல் தீட்டிய ‘பதற்றம்’ ஓவியத்தைத் தவறவிடாதீர்கள். அதே சிவந்த வானத்தின் கீழ் ஒரு கூட்டமே வாயைத் திறக்காமல் நம்மை நோக்கி வருகிறது. 1893இல் தீட்டிய ‘அலறல்’ ஓவியம் இங்கே இல்லை, அதே ஊரில் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். நான் வியாழக்கிழமை போகிறேன்.